மதுவரியில் மக்களுக்குரிய பங்கு எங்கே?

ஆண்டுதோறும் யூன் 26ஆம் நாள் வந்துவிட்டால் நம் பாடசாலைகளிலே ஒரு சடங்கு நடந்தேறுகின்றது. போதைப்பொருட் பாவனைக்கும் கடத்தலுக்கும் எதிரான நாளென 1987இல் ஐக்கிய நாடுகள் சபை குறித்துத் தந்த நாள் அது. மாணவர் வெயிலில் அணிவகுப்பர்; பதாகை ஏந்துவர்; உறுதிமொழி எடுப்பர்; மேடையில் ஒருவர் ஒழுக்கத்தின் மேன்மை பற்றி உரையாற்றுவார். மாலையானதும் பதாகைகள் சுருட்டப்பட்டு அலுமாரிக்குள் வைக்கப்படும். எஞ்சிய நாட்களிலே இளைஞர் போதையின் வாயில் விழாமற் காப்பதற்கு அரசு ஒதுக்கும் பணம் எவ்வளவு? அமர்த்தியுள்ள பயிற்சி பெற்றோர் எத்தனை பேர்? இக்கேள்விகள் அந்த மேடையில் எழுவதில்லை. அவற்றையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

"குடிப்பவன் தன் புத்தி கெட்டுக் குடிக்கின்றான், அதற்கு அரசு என்ன செய்யும்?" என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். வாய்ப்பும் வசதியும் பெற்றோருக்கு இது மிகவும் உவப்பான தத்துவம். பழி முழுவதும் குடிசையில் உள்ளவன் தலையில் விழுகின்றது. மற்றவர் கைகளைக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் குடி தனிமனிதனின் புத்திக் கேடு மட்டுமே எனில், அப்புத்திக் கேட்டுக்கு உரிமம் வழங்கி, விலை குறித்து, வரி வாங்கி, வரவு செலவுத் திட்டத்தில் அதனை வருமானமாக முன்கூட்டியே எழுதி வைப்பது யார்? மதுவரித் திணைக்களம் 2024ஆம் ஆண்டில் திரட்டிய வருமானம் 20,000 கோடி ரூபாவைத் தாண்டியது. இத்தனை பெரிய வரவுக்கு உரிமை கொண்டாடும் அரசு, அதன் விளைவுக்கு மட்டும் தனக்குப் பொறுப்பில்லை என்று கூறுதல் எவ்வகையில் நியாயமாகும்?

இந்த நியாயமின்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரித்தானியர் ஆட்சியிலே சாராயக் குத்தகை ஏலத்தில் விற்கப்பட்டது. அதிக விலை கேட்டவன் குத்தகையைப் பெற்றான். கொடுத்த பணத்தைப் பன்மடங்காக மீட்பதற்குத் தவறணைகளைப் பெருக்கினான். இலங்கையின் முதலாளி வர்க்கத்தின் முதற் செல்வத்திலே பெரும் பங்கு சாராயக் குத்தகையில் விளைந்ததே என்பதை வரலாற்றறிஞர் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். தோட்டத்தில் இரத்தத்தை வியர்வையாக்கிய தொழிலாளி சம்பள நாளிற் கொடுத்த சில்லறையே மாளிகைகளாயிற்று; பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பும் கல்விச் செலவாயிற்று.

குத்தகை முறை போய் 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. அதனை எதிர்த்து நாடெங்கும் மதுவொழிப்பு இயக்கம் எழுந்தது. அரசியல் விழிப்புக்கும் அவ்வியக்கம் வித்திட்டது. அன்று மேடையேறியோரிற் பலர் பின்னர் நாட்டின் தலைவர்களாயினர். சுதந்திரம் வந்தது, சிங்கக்கொடி ஏறிற்று, ஆயினும் அந்நியன் எழுதிய அந்தக் கட்டளைச் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் உயிர் வாழ்கின்றது. எசமானர் மாறினர், கல்லாப்பெட்டி மாறவில்லை.

மாறிய ஒன்று உண்டு. அதுவும் மக்களுக்குப் பாதகமாகவே மாறிற்று. அரசிடமிருந்த வடிசாலைத் தொழில் 1992இல் தனியார் கைக்குச் சென்றது. அன்று முதல் இலாபம் பங்குதாரருக்கும் நட்டம் பொதுமக்களுக்கும் எனக் கணக்குப் பிரிந்தது. ஈரல் கெட்டவன் கிடப்பது அரசாங்க வைத்தியசாலைக் கட்டிலில். அவனுக்கு மருந்து வருவது பொதுப் பணத்தில். அவன் மனைவி காதணியை அடகு வைப்பதும், மகன் படிப்பை விட்டுக் கூலிக்குப் போவதும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. போத்தலில் கிடைத்த இலாபத்தில் ஒரு சதமேனும் இந்தச் சேதத்தை ஈடுசெய்யத் திரும்பி வருவதில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. 2006இல் இயற்றப்பட்ட புகையிலை, மதுசாரம் பற்றிய சட்டம் விளம்பரங்களைத் தடுத்தது. இருபத்தொரு வயது நிரம்பாதோருக்கு விற்பதைக் குற்றமாக்கியது. இவை வரவேற்கத்தக்க செயல்களே. ஆனால் ஒரு கை தடுக்க மறுகை திறக்கின்றதே! 2024ஆம் ஆண்டிலே மதுபான உரிமங்கள் அரசியற் சலுகையாக வாரி வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் உரிமப் பட்டியல் பாராளுமன்றத்திலே சமர்ப்பிக்கப்படவும் நேர்ந்தது. போரில் யாவற்றையும் இழந்து மீண்டும் குடியேறிய கிளிநொச்சி மக்கள் கேட்டது வேலையும் கல்வியும். அவர்களுக்குக் கிடைத்தது மதுபானக் கடை.

ஹெரோயின், ஐஸ் முதலிய போதைப்பொருட்களின் கதை இதனினும் கொடியது. இங்கு அரசின் பணம் செலவாகவே செய்கின்றது, ஆனால் எதற்கு? பொலிசுக்கும் சிறைக்கும் தடுப்பு முகாமுக்கும். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையிலே பல்லாயிரவர் கைது செய்யப்பட்டனர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர் 2024 சனவரியிலேயே அதனைக் கண்டித்தனர். வலையிற் சிக்கியோரில் மிகப் பலர் சந்தியில் நிற்கும் ஏழை இளைஞர். சுறாக்கள் ஆழ்கடலில் நீந்த, நெத்தலிகளை அள்ளிக் கரையிற் கொட்டிவிட்டு வெற்றி முழக்கம் செய்வது எத்தகைய நீதி? இராணுவத்தினரின் பங்களிப்புடன் நடந்த கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022இல் கைகலப்பும் மரணமும் நிகழ்ந்து, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய செய்தியை நாடறியும். நோயாளியைக் கைதியாக நடத்தும் இடத்தில் நோய் தீருமா?

"பாடசாலைகளில் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிறோமே" என்பர். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018இல் இணைந்து வெளியிட்ட தடுப்புப் பணி நியமங்கள் இதற்கு விடை கூறுகின்றன. தகவலை மட்டும் ஓதுவதும், பயங்காட்டுவதும் பயன் தருவதில்லை. பயன் தருவன வேறு: பயிற்சி பெற்ற ஆசிரியர் தொடர்ந்து நடத்தும் வாழ்க்கைத்திறன் பாடங்கள், பெற்றோருடன் இடையறாத தொடர்பு, மனம் தளர்ந்த பிள்ளையை இனங்காணும் ஆலோசகர், கிராமத்து வைத்தியசாலையிலேயே கிடைக்கும் தொடக்கநிலைச் சிகிச்சை. இவை ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும்; ஆளுக்குச் சம்பளம் வேண்டும். உறுதிமொழிக்கு மட்டுமே செலவில்லை. அதனாற்றான் நமக்கு உறுதிமொழி தரப்படுகின்றது.

"நாடு கடனில் மூழ்கிக் கிடக்கையில் பணத்துக்கு எங்கே போவது?" என்பது அவர்களின் கடைசி அம்பு. தாய்லாந்து 2001இல் ஒரு சட்டம் இயற்றியது. மதுவுக்கும் புகையிலைக்கும் செலுத்தப்படும் தீர்வையின்மேல் மேலதிகமாக 2 சதவீதம் அறவிடப்பட்டு, சுகாதார மேம்பாட்டு நிதியம் ஒன்றுக்கு நேரே செல்கின்றது. திறைசேரியில் ஒரு காசும் குறைவதில்லை. அந்த முறையை இங்கு கைக்கொண்டால், 20,000 கோடிக்கு 2 சதவீதம் 400 கோடி ரூபா, அதுவும் ஆண்டுதோறும்! ஐஸ்லாந்து நாட்டிலே இளைஞரின் விளையாட்டுக்கும் கலைக்கும் பொதுப் பணம் கொடுத்து, பெற்றோரையும் பாடசாலையையும் ஒருங்கிணைத்தனர். கடந்த முப்பது நாட்களுள் வெறிக்கக் குடித்ததாகக் கூறிய 15, 16 வயதினர் 1998இல் 42 சதவீதம்; 2016இல் 5 சதவீதம். அது சிறிய நாடு, செல்வ நாடு என்பது உண்மை. ஆனால் மைதானமும் நூலகமும் மாலை வேளையில் திறந்திருப்பதற்குச் செல்வ நாடாக இருக்க வேண்டியதில்லை. அக்கறை இருந்தாற் போதும்.

இன்னொன்றையும் இங்குக் கூறவேண்டும். யாழ்ப்பாணத்திலே மதுவிலக்குப் பேசிய மேலோர் சிலர், பனையேறிப் பிழைப்பவனை இழித்துரைப்பதையே மதுவிலக்காகக் கொண்டிருந்தனர். சாதித் திமிருக்கு ஒழுக்கத்தின் போர்வை அது. நமது போராட்டம் கள்ளிறக்கும் தொழிலாளிக்கு எதிரானதன்று. கருப்பட்டிக்கும் பனஞ்சீனிக்கும் பதநீருக்கும் சந்தை அமைத்து அவன் வாழ்வை உயர்த்துவதும் தடுப்புப் பணியின் ஒரு கூறே. முழு மதுவிலக்கு ஒன்றே மருந்து என்றும் நாம் வாதாடவில்லை. கடையை மூடிய மறுநாளே கசிப்புக் காய்ச்சுவோன் கடை திறப்பான் என்பதை அறிவோம். துயரும் வேலையின்மையும் வெறுமையும் உள்ள வரை போதைக்கு வாடிக்கையாளர் இருந்துகொண்டேயிருப்பர். ஆதலினாற்றான் வாழ்வை மாற்றும் பணிக்குப் பணம் கேட்கின்றோம்.

நமது கோரிக்கை தெளிவானது. மதுசாரத்தாலும் புகையிலையாலும் வரும் வரியின்மேல் 2 சதவீதம் தடுப்புப் பணிக்கெனச் சட்டத்தால் அறவிடப்படல் வேண்டும். அந்நிதியை அமைச்சரின் விருப்புக்கு விடாது, ஆசிரியர், வைத்தியர், தொழிற்சங்கத்தார், பெற்றோர் ஆகியோரின் பிரதிநிதிகள் அமர்ந்த சபை நிர்வகித்தல் வேண்டும். அதன் கணக்கு ஆண்டுதோறும் சிங்களத்திலும் தமிழிலும் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். தோட்டப்புறமும் போர் தின்ற வன்னியும் முதற் பங்கைப் பெறல் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! வரும் யூன் 26இலும் நம்மை அணிவகுத்து நிற்கச் சொல்வர். நிற்போம். ஆனால் "போதையை ஒழிப்போம்" என்ற பழைய பதாகையுடன் புதியதொரு பதாகையையும் ஏந்தி நிற்போம்: "மதுவரியில் எங்கள் பங்கு எங்கே?" உறுதிமொழி எடுக்கும் முறை இனி மேடையில் இருப்போருடையது.