சம்பவத் திரட்டை வாசிக்காமல் ஃபோர்மட் அடிக்காதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. கணினி படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார் கடைசிவரை வாசியுங்கள்.

கணினி மக்கர் பண்ணினால் நம் பக்கத்தில் ஒரே வைத்தியம்தான்: "ஃபோர்மட் அடிச்சிருவம் சேர்." கிரான்குளத்திலும் அதுதான், குருக்கள்மடத்திலும் அதுதான், களுவாஞ்சிகுடிக் கடைகளிலும் அதுதான். பாடசாலை ஆய்வுகூடங்களும் விதிவிலக்கில்லை. ஏன் பழுதானது என்று கேட்க ஆளில்லை. இந்தப் பழக்கம் நம் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது என்பதுதான் எங்கள் கருத்து.

ஓர் உதாரணம் சொல்கிறோம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் சிலர், பரீட்சைக்காக மனனம் செய்யும் மின்னஞ்சல் பாடத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டார்கள். பழைய கணினி ஒன்றில் உபுண்டு லினக்ஸை ஏற்றி, அதில் போஸ்ட்பிக்ஸ் என்ற மின்னஞ்சல் சேவையக மென்பொருளை நிறுவினார்கள். ஒரே கணினிக்குள் ஒருவர் மற்றவருக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்தது. வெளியே ஜிமெயிலுக்கு அனுப்பியது போகவில்லை. அழித்துவிட்டு மறுபடி நிறுவினார்கள். போகவில்லை. மூன்றாம் தரமும் அதே கதை.

மூன்று தரம் நிறுவிய பிள்ளைகள் ஒரு தரமாவது லொக்கைத் திறந்து பார்க்கவில்லை.

லொக் என்றால் என்ன? நமது அதிபர்மார் மேசையில் ஒரு சம்பவத் திரட்டுப் புத்தகம் இருக்கிறதே, அதேதான். இன்ன நாள், இன்ன நேரம், இன்னார் வந்தார், இன்னது நடந்தது என்று வரி வரியாக எழுதி வைப்பது. லினக்ஸ் தன் சம்பவத் திரட்டை யாரும் கேட்காமலே எழுதுகிறது. உபுண்டுவில் 'வார்' கோப்புறைக்குள் 'லொக்', அதற்குள் மின்னஞ்சலுக்கென்று தனிக் கோப்பு. அதைத் திறந்ததும் காரணம் அங்கேயே கிடந்தது: ஜிமெயிலின் 25ஆம் துறையைத் தொட முயன்றோம், நேரம் முடியும்வரை பதில் இல்லை.

துறை என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில் போகிறவர்கள் நாம். இக்கரையில் பாதையே புறப்படவில்லை என்றால், வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாலும் அக்கரை போக முடியாது. மின்னஞ்சல் சேவையகங்கள் ஒன்றோடொன்று பேசுவது 25ஆம் துறை வழியாக. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் குப்பைக் கடிதங்களைக் கொட்டுவதைத் தடுக்க, உலகெங்கும் இணைய நிறுவனங்கள் பல வீட்டு இணைப்புகளில் அந்தத் துறையை மூடியே வைத்திருக்கின்றன. பிள்ளைகளின் நிறுவலில் பிழையே இல்லை. முந்நூறு தரம் ஃபோர்மட் அடித்தாலும் அந்தத் துறை திறக்காது.

சம்பவத் திரட்டு சொல்லும் பதில்களுக்கு ஒவ்வொரு பொருள் உண்டு. "நேரம் முடிந்தது" என்றால் பெரும்பாலும் வழியில் எங்கோ அடைப்பு. "இணைப்பு மறுக்கப்பட்டது" என்றால் வீடு இருக்கிறது, கதவைத் திறக்க உள்ளே ஆளில்லை. அதாவது அந்தச் சேவை ஓடவில்லை. 4இல் தொடங்கும் இலக்கம் வந்தால் "பிறகு வா" என்று அர்த்தம். போஸ்ட்பிக்ஸ் அந்தக் கடிதத்தை வரிசையில் வைத்து, வழமையான அமைப்பில் 5 நாட்கள்வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அவசரப்பட்டு அழித்து நிறுவினால் வரிசையில் நின்ற கடிதமும் போய்விடும். 5இல் தொடங்கினால் "வராதே" என்று அர்த்தம். பெயரும் அடையாளமும் சரியில்லாவிட்டால் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். 2024 பெப்ரவரி முதல், அனுப்புகிறவர் தன் தளப்பெயருக்குரிய அடையாளப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயில் கண்டிப்பாகவே கேட்கிறது.

வாசிக்காமல் வைத்தியம் பார்ப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. "உனக்காகக் கடிதம் கடத்த மாட்டேன்" என்று சேவையகம் மறுக்கும்போது, யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து, உலகில் உள்ள எல்லோரையும் நம்பு என்று அமைப்பை மாற்றிவிடுகிறார்கள். உடனே வேலை செய்யும். அன்றிலிருந்து உலகத்துக் குப்பைக் கடிதமெல்லாம் அந்தக் கணினி வழியாகப் போகத் தொடங்கும். சேவையகம் மறுத்தது கோளாறு அல்ல, காவல். காவல்காரனைக் கலைத்துவிட்டு வீடு திறந்துவிட்டது என்று மகிழலாமா?

இது பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்டில் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதியைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அந்தக் காலத்துக்குத் தனியே எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்ததோ மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை அந்த நிறுவனமே 2023 ஏப்ரல் 11உடன் நிறுத்தியிருந்தது. அது லினக்ஸ் அல்ல. லினக்ஸாக இருந்திருந்தாலும், புதுப்பிக்காமலும் பிரதி எடுக்காமலும் விட்டிருந்தால் கதி இதுதான். மென்பொருளை மாற்றினால் போதாது, கவனிக்கும் பழக்கம் வேண்டும்.

"ஜிமெயில் சும்மா கிடைக்குது, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாடசாலையின் அன்றாட வேலைக்குச் சொந்தச் சேவையகம் நடத்தச் சொல்லவில்லை. அதற்கு இரவும் பகலும் பார்க்க ஆள் வேண்டும். படிப்பதற்கு நடத்துங்கள் என்கிறோம். நம் பிள்ளைகள் கொமினிகேஷன் கடையில் மின்னஞ்சல் திறந்து, கடைக்காரரின் தொலைபேசி இலக்கத்தையே கொடுத்துவிட்டு, பல்கலைக்கழக விண்ணப்ப நேரத்தில் உள்ளே போக முடியாமல் அலைகிறார்கள். கடிதம் எப்படிப் போகிறது, எங்கே தங்குகிறது, திறப்பு யார் கையில் என்று தெரிந்த பிள்ளை அப்படி அலையாது.

நம்மால் முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய திறந்த மூல மென்பொருள்தான் சஹானா. 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010 ஹெய்ட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. நம் கரையைக் கடல் அள்ளிய நாட்களில் இந்த நாட்டிலேயே பிறந்த வேலை அது.

ஆகவே ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஆய்வுகூடத்தில் ஒரு பழைய கணினியை உடைத்துப் படிக்கவென்றே ஒதுக்குங்கள். அதில் பாடசாலையின் ஆவணம் எதுவும் இருக்கக் கூடாது.

பழுது வந்தால் முதலில் சம்பவத் திரட்டை வாசிக்கச் சொல்லுங்கள். என்ன செய்ய முயன்றோம், கணினி என்ன சொன்னது, எதை மாற்றினோம் என்று மூன்று வரி கொப்பியில் எழுதட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றட்டும். ஐந்தை ஒன்றாக மாற்றிச் சரிவந்தால், எது சரியாக்கியது என்று யாருக்கும் தெரியாது.

மாற்றுமுன் பிரதி எடுக்கட்டும். அந்தப் பிரதி வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

சரிவந்ததற்கு மட்டும் புள்ளி போடாதீர்கள். சரிவராததன் காரணத்தைக் கண்டுபிடித்த பிள்ளைக்கும் போடுங்கள். 25ஆம் துறை மூடியிருக்கிறது என்று கண்ட பிள்ளை கடிதம் அனுப்பவில்லைத்தான், பாடத்தைப் படித்துவிட்டது.

உங்கள் ஊர்ப் பாடசாலையில் இதைத் தொடங்க விரும்பினால் கீழே சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்து உட்காருவோம்.