கைப்பேசி முகப்பில் யார் ஊர் நேரம்?

செயலியைத் திறக்காமலே மழை, நாள், நட்சத்திரம் எல்லாம் கைப்பேசி முகப்பில் சின்னக் கட்டங்களாகத் தெரிகின்றன அல்லவா? அவற்றுக்குத்தான் விட்ஜெட் என்று பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2009 முதலே இவை உண்டு. ஐபோன் முகப்புத் திரைக்கு 2020இல்தான் வந்தன. இந்த வாரம் நம் பக்கத்துக்கு உதவக்கூடிய மூன்று வகைகளைப் பார்ப்போம். சோதனைக்கூடம், ஜாசின் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீடு. சோதித்தவர்கள், 74 வயது அம்மாவும் மூன்று ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் தாய்மாமாவும்.

முதலில் மழை. மரம் வெட்டுகிறவருக்கு விடியற்காலை மழை என்றால் அன்றைய கூலி போயிற்று. பட்டை நனைந்தால் பால் கோட்டில் ஓடாமல் வழிந்துவிடும். மங்கில் விழுந்ததும் தண்ணீராகிவிடும். மாமாவின் கைப்பேசியோடு வந்த வானிலை விட்ஜெட் ஒருநாள் 40 விழுக்காடு என்று காட்டியது. "பாதி நாள்கூட பெய்யாது போலிருக்கு" என்று கிளம்பிவிட்டார். அந்த எண்ணுக்கு அது பொருளல்ல. அந்த நேரத்தில் மழை வருவதற்குப் பத்தில் நான்கு வாய்ப்பு என்பதுதான் பொருள். எவ்வளவு நேரம் பெய்யும் என்பதை அது சொல்வதில்லை.

இன்னொன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையிலிருந்து இடிமழை வரிசையாகத் திரண்டு வரும். சுமத்ரா காற்று என்கிறோமே, அதுதான். அது கரையேறுவது பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும், அதாவது சரியாக வெட்டு நேரத்தில். உலகம் முழுவதற்கும் கணிக்கும் விட்ஜெட்டுகள் இதில் அடிக்கடி கோட்டை விடுகின்றன. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியில் வரும் எச்சரிக்கையையும், துறை வெளியிடும் ராடார் படத்தையும் பார்ப்பது மேல். ராடாரில் மழை நீரிணையில் நிற்கிறதா, கரையைத் தொட்டுவிட்டதா என்று கண்ணாலேயே தெரியும். மழை விட்ஜெட்டுக்கு ஐந்துக்கு மூன்று.

அடுத்து புகைமூட்டம். 2013 ஜூன் 23ஆம் தேதியை நம்மில் யார் மறப்பார்? கெசாங் ஆற்றைத் தாண்டினால் மூவார். அங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டு, அவசரகாலம் அறிவித்தார்கள். 300ஐத் தாண்டினாலே அபாயம். காற்றின் தரம் காட்டும் விட்ஜெட்டை வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் எந்த நாட்டு அளவுகோல் என்று பாருங்கள். பல விட்ஜெட்டுகள் அமெரிக்க அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. ஒரே காற்றுக்கு நம் சுற்றுச்சூழல் துறை ஓர் எண் சொல்லும். அது வேறோர் எண் சொல்லும். இரண்டையும் கலந்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஊரைக் கலக்காதீர்கள். இதற்கும் மூன்று.

கடைசியாகப் பஞ்சாங்கம். இதை நான் சற்று வெட்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

அம்மாவின் கைப்பேசியில் பஞ்சாங்க விட்ஜெட்டைப் போட்டுக் கொடுத்தவன் நான். எழுத்து பெரியது, தமிழ் தெளிவு. அம்மாவுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. அப்பாவுக்கு அமாவாசைப் படையல் போடும் நாளில், திதி காலை 10.50 வரை என்று அது காட்டியது. அம்மா பதறிப்போய் சமையலை முடித்து, 10.30க்கே தீபம் காட்டிவிட்டார். சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன், வழியில் மாட்டிக்கொண்டு வந்து சேரும்போது 11.30. அப்பா படத்துக்கு முன் நின்று கும்பிட்டார். "கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை.

அன்றிரவுதான் விட்ஜெட்டின் அமைப்புக்குள் போய்ப் பார்த்தேன். ஊர்: சென்னை. 10.50 என்பது இந்திய நேரம். நமக்கு இரண்டரை மணி நேரம் கூட்ட வேண்டும். மலாக்காவில் அமாவாசை பிற்பகல் 1.20 வரை இருந்திருக்கிறது. அண்ணனுக்காகத் தாராளமாகக் காத்திருந்திருக்கலாம்.

இராகு காலத்திலும் இதே வம்புதான். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை என்ற வாய்ப்பாடு, சூரியன் காலை 6க்கு உதித்து மாலை 6க்கு மறைவதாக வைத்துப் போட்ட கணக்கு. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். இப்போது நமக்குச் சூரிய உதயம் 7 மணியை ஒட்டித்தான். ஆகவே உதயத்தை வைத்துக் கணக்கிட்டால், இராகு காலமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஊரை மாற்றினால் ஐந்துக்கு நான்கு. மாற்றாவிட்டால் ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன்.

ஆகவே எந்த விட்ஜெட்டைப் போட்டாலும் மூன்றைப் பாருங்கள். ஊர் மலாக்காவா? கடைசியாக எத்தனை மணிக்குப் புதுப்பித்தது? பேட்டரி சேமிப்பைப் போட்டுவிட்டால் சில கட்டங்கள் நேற்றையதையே காட்டிக்கொண்டிருக்கும். தகவல் யார் கொடுப்பது? பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறவர்கள் இதைச் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள். அவர்கள் நம்மை நம்பித்தான் அதை நம்புகிறார்கள்.

இந்த மாத அமாவாசைக்கு அண்ணன் முதல் நாள் இரவே வந்துவிட்டார். அம்மா சுவரில் தொங்கும் உள்ளூர் நாள்காட்டியை முதலில் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொன்னார்.