மெழுகுவர்த்தியா, விளக்கா?

செவிலியரை உருகி ஒளிதரும் மெழுகுவர்த்தி என்று மேடைகளில் புகழ்கிறோம். தோழியரே, இதில் எனக்கு உடன்பாடில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று நம் மாவட்டத்து முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பலர் தீக்காயமுற்றனர். தோல் என்னும் காவல் வெந்துபோனால் கிருமிகள் எளிதில் புகும். களைத்த செவிலியர் ஒருமுறை கைகழுவ மறந்தாலும் நோயாளிக்கே ஆபத்து. ஆகவே, தம் களைப்பை உணர்ந்து ஓய்வு கேட்பது தன்னலமன்று, கடமை.

கிரிமியப் போரில் தொண்டாற்றிய நைட்டிங்கேல் அம்மையார் அன்போடு நிற்கவில்லை, இறப்புகளைக் கணக்கெடுத்தார். காயத்தைவிட நோயால் மாண்டவரே மிகுதி என்று 1858இல் வரைபடமிட்டுக் காட்டினார். நம் ஊர்ச் செவிலியரும் எந்தப் புண் எத்தனை நாளில் ஆறியது என்று குறித்து ஒப்பிட்டால், அது ஆராய்ச்சியின் தொடக்கமே.

செவிலியராக விரும்பும் தோழியரே, மெழுகாக வேண்டாம். எண்ணெய் வார்த்துத் திரி தூண்டிய விளக்காவோம்!