அரிசி மூட்டையோடு ஒரு நோட்டுப் புத்தகமும்



2021 ஜூன் மாதக் கடைசியில் நாடு முழுக்க வெள்ளைக் கொடி பறந்தது நினைவிருக்கும். வேலை போய், அடுப்பு எரியாத வீட்டு வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் அக்கம்பக்கத்தார் பார்த்து உதவுவார்கள் என்று மக்களே தொடங்கிய இயக்கம் அது. கொடி கட்டாதீர்கள், இறைவனிடம் கையேந்துங்கள் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் புத்தி சொன்ன கூத்தும் நடந்தது.

ஜொகூரில் நம் கதை அதற்கும் ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பாலம் அடைபட்டது. இருட்டோடு எழுந்து மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு ஓடி, இரவில் வீடு திரும்பிய நம் பிள்ளைகளில் பலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பலர் இங்கே வேலையின்றி உட்கார்ந்தார்கள். தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான்.

அந்த நாட்களில் மாசாய், உலு திராம் பக்கம் உணவுப் பொருள் கொண்டுபோன இளைஞர்களோடு நானும் சுற்றினேன். வழக்கறிஞர் என்பதற்காக அல்ல, என்னிடம் கார் இருந்தது என்பதற்காகக் கூப்பிட்டார்கள். கொடி கட்டிய வீடுகளில் நம்மவர்களை அதிகம் காணவில்லை. பசி இல்லாமல் அல்ல, நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற கூச்சம். பக்கத்து வீட்டு அக்காதான் மெதுவாகச் சொல்வார்: "மூணாவது மாடியையும் கொஞ்சம் பாருங்க தம்பி."

அப்படிப் போன ஒரு வீட்டில் இருபது வயதுப் பையன். அப்பாவிடம் நீல அடையாள அட்டை. அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பிறப்பைப் பதியவே இல்லை. கோயிலில் தாலி கட்டினார்கள், திருமணத்தைப் பதிய அம்மாவிடம் பத்திரம் இல்லை. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் நிலைதான் என்கிறது கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம். ஆகவே ஜொகூரிலேயே பிறந்து வளர்ந்த பையனின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்ல' என்று இருந்தது. கடப்பிதழ் இல்லை, பாலம் தாண்ட முடியாது. வங்கிக் கணக்கு இல்லை. அரசாங்க உதவித் தொகைக்கு அவன் பெயரில் மனுப் போட வழியில்லை. நாம் கொடுத்த ஐந்து கிலோ அரிசி அந்த வீட்டில் எத்தனை நாளைக்கு?

வறுமையை எண்ணுவதில் அரசாங்கத்தின் கணக்கும் நெடுங்காலம் வேடிக்கையாகவே இருந்தது. மாதம் 980 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பம்தான் ஏழை என்று வைத்துக்கொண்டு, நாட்டில் ஏழைக் குடும்பங்கள் வெறும் 0.4 விழுக்காடு என்று சொல்லி வந்தார்கள். 2019 ஆகஸ்டில் வந்த ஐ.நா. சிறப்பு அதிகாரி பிலிப் ஆல்ஸ்டன் இது நம்பும்படியாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். 2020இல் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். ஏழைக் குடும்பங்கள் 5.6 விழுக்காடு, அதாவது நான்கு லட்சத்துக்கும் மேல் என்று ஆனது. அவர்கள் அதுவரை எங்கே இருந்தார்கள்? நம் அடுக்குமாடிகளிலும் இருந்தார்கள்.

ஆகவே தொண்டு செய்யும் தம்பி தங்கைகளிடம் என் வேண்டுகோள் இதுதான்: அரிசி மூட்டையோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுபோங்கள். "பசியோடு இருப்பவரிடம் பாரத்தை நீட்டுவதா அண்ணா?" என்று ஒரு தம்பி கோபமாகக் கேட்டார். நியாயம்தான். முதல் வாரம் அரிசி மட்டும் கொடுங்கள். படம் எடுக்காதீர்கள், பேனர் வேண்டாம். அடுத்த வாரம் திரும்பிப் போய் உட்கார்ந்து பேசுங்கள். கல்யாணம் பதிந்ததா, பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் உண்டா, அதில் குடியுரிமை என்ன போட்டிருக்கிறது, குடும்பம் இ-காசே ஏழைகள் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். பட்டியலில் இல்லையென்றால் மாவட்ட அலுவலகத்துக்குக் கூடவே போங்கள். தனியாகப் போனால் நம் அம்மாமார்கள் முகப்பிடத்தில் ஒரு கேள்விக்கே பயந்து திரும்பிவிடுகிறார்கள்.

கோயில் நிர்வாகத்தாருக்கும் ஒன்று. திருமணப் பதிவுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதியே அமலுக்கு வந்துவிட்டது. மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போதே பதிவுப் பத்திரத்தையும் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அந்தப் பையனுக்காக அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பம் எழுதினோம். அதற்கு 21 வயதுக்குள் இருக்க வேண்டும், அவனுக்கு ஐந்து மாதமே பாக்கி இருந்தது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அந்த 21ஐ 18 ஆக்குகிறது. ஆகவே படிவம் மூன்றில் இருந்து ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளை முதலில் தட்டுங்கள். பத்திரம் எதுவாக இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஜொகூரிலும் உண்டு, அழைத்துப் போங்கள்.