தோல்விக்கும் இடம் வேண்டும்

கணினியில் கால்பந்து ஆடும் நம் இளைஞரிடையே ‘ரியலிஸ்டிக்’ என்ற சொல் பெருவழக்காகி விட்டது. திரையில் நிகழும் ஆட்டம் மெய்யான ஆட்டத்தை ஒத்திருக்க வேண்டுமாம். நல்ல விருப்பமே. ஆயினும், அதற்கென அவர்கள் ஆட்டத்தின் அமைப்புகளை மாற்றும் விதத்தைக் காணும்போது, அவர்கள் தேடுவது மெய்யையா, தங்கள் வெற்றியையா என்ற ஐயம் எழாமலில்லை.

இ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் கால்பந்து விளையாட்டில் ‘ஸ்லைடர்’ எனப்படும் அளவுகள் உள்ளன. கோலை நோக்கி அடிப்பதில் நேரும் பிழை, பந்தைக் கடத்துவதில் நேரும் பிழை, ஓட்ட வேகம், கோல்கீப்பரின் திறன் ஆகிய ஒவ்வொன்றையும் 0 முதல் 100 வரை ஏற்றி இறக்கலாம். ஆடுபவருக்கு ஒரு வரிசை; கணினிக்கு வேறொரு வரிசை. ஒரு பாதியின் நேரத்தையும் நிமிடக் கணக்கில் கூட்டலாம், குறைக்கலாம். குறுகிய நேரத்திற்கென அமைந்த ஆட்டத்தை நீட்டிவிட்டு மற்றவற்றைத் தொடாது விட்டால் கோல்கள் குவியும். 2022 உலகக் கோப்பையிலோ 64 ஆட்டங்களில் 172 கோல்களே விழுந்தன. ஆட்டத்திற்கு மூன்றுகூட இல்லை. ஆகவே, நேரத்தை நீட்டுபவர் பிழையின் அளவையும் கோல்கீப்பரின் திறனையும் சற்று உயர்த்துவது முறையே.

முறையற்றது எது? கணினியின் பிழையைக் கூட்டித் தம் பிழையைக் குறைத்துக்கொண்டு, சென்னையின் எஃப்.சி. எட்டுக் கோல் அடித்ததென மார்தட்டுவது! வலிய அணி தோற்றவுடன், “இது மெய்யன்று” என்று அளவுகளைத் திருத்தப் புறப்படுவதும் அதற்குக் குறைந்ததன்று.

அவர்களைக் கேட்கிறேன்: 2015 இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் 87ஆம் நிமிடத்தில் கோவா அணி 2-1 என முந்தியது. அடுத்த சில நிமிடங்களில் சென்னை இரு கோல் பெற்றுக் கோப்பையை வென்றது. அதில் ஒன்று கோவா கோல்கீப்பரே தம் வலைக்குள் விட்ட கோல். திரையில் இது நிகழ்ந்திருந்தால் நம்பியிருப்பீர்களா? 2022இல் சவூதி அரேபியாவிடம் 2-1 எனத் தோற்ற அர்ஜென்டினாதான் அந்த உலகக் கோப்பையையே வென்றது. எந்த அளவைத் திருத்தி அத்தோல்வியை அழிப்பீர்கள்?

சராசரி மட்டுமே மெய்யாகாது. குமாரலிங்கபுரத்துக் கரிசல் உழவருக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆண்டின் மழைக்கணக்கு சரியாக இருந்தும் விதைப்பு வேளையில் வானம் பொய்த்த கதையை அவர்கள் சொல்வார்கள்.

எனவே, இளைஞர்களே, இரு வரிசைக்கும் ஒரே அளவை வையுங்கள். எளிதில் வெல்கிறீர்களா? கடினநிலையை உயர்த்துங்கள். இரு பக்கமும் கணினியே ஆடும்படி விட்டுப் பத்து ஆட்டங்களின் முடிவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறைக்கு ஓர் அளவை மட்டும் மாற்றுங்கள். பருவம் தொடங்கியபின் எதையும் தொடாதீர்கள்; தோற்ற இரவில் நிச்சயமாகத் தொடாதீர்கள்.

சரக்கு குறைந்தபோதெல்லாம் படிக்கல்லை மாற்றும் வணிகனிடம் நாம் பொருள் வாங்குவதில்லை. முடிவு கசந்தபோதெல்லாம் அளவை மாற்றும் பழக்கம் திரையோடு நின்றுவிடும் என்று எவர் உறுதி கூறுவார்?