மண்ணுக்குள் கேட்கும் ஓசை

மண் பரிசோதனை அட்டையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மறுநாளே பழைய வழக்கப்படி உரம் வாங்கப் போகிறவர்கள் நம்மில் அதிகம். அட்டையிலுள்ள எண்கள் மனத்தில் தைப்பதில்லை. காதில் விழுந்தால் தைக்குமோ என்னவோ!

சுவிட்சர்லாந்தில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சூரிச் கலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்கஸ் மேடர் என்ற ஒலிக் கலைஞர், நுண்ணிய அதிர்வையும் பிடிக்கும் கருவிகளை மண்ணில் செருகினார். புழு ஊர்வதும் பூச்சி கொறிப்பதும் பதிவாயின. அந்த ஓசையைப் பெருக்கி, ஓர் அறைக்குள் நாற்புறமும் ஒலிக்கச் செய்து மக்களைக் கேட்க வைத்தார்கள். உயிர்கள் மலிந்த மண்ணில் பலவிதச் சத்தம். ஓயாமல் உழுது மருந்தடித்த மண்ணில் சத்தம் குறைவு.

இப்படி ஒன்று வையம்பட்டியிலும் நடக்க வேண்டும் என்பது நமது கருத்து. 2013-இல் மறைந்த நம்மாழ்வார் அமைத்த வானகம், அடுத்துள்ள கரூர் மாவட்டத்துக் கடவூர்ப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பயிற்சிக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே மனம் மாறியவர்கள். சந்தைக்கு வரும் கடலை விவசாயியின் காதில் அல்லவா இது விழ வேண்டும்! பெரிய மண்டபம் எதற்கு? ஒரு கொட்டகையும் ஒலிபெருக்கியும் போதும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் தவறாமல் இட்டுவரும் செம்மண் காட்டின் ஓசை ஒன்று. சருகைக் கொளுத்தி, சாணத்தை லாரிக்கு விற்று, யூரியாவை மட்டும் நம்பும் காட்டின் ஓசை மற்றொன்று. அடுத்தடுத்துக் கேட்கட்டும்.

ஆனால் இதையே அளவுகோலாக்கிவிடக் கூடாது. நமது மானாவாரி நிலத்தில் சித்திரை வெயிலுக்கு மண்புழு ஆழத்துக்குப் போய்விடும். அப்போது நல்ல காடும் மௌனமாகத்தான் இருக்கும். அதை வைத்து மண் செத்துவிட்டது என்று எவரும் மருந்து விற்க வந்தால் நம்ப வேண்டாம். இன்னொன்று, சத்தம் போடுவதெல்லாம் நண்பனும் அல்ல. கடலை வேரைத் தின்னும் வேர்ப்புழுவும் உள்ளேதான் கொறித்துக்கொண்டிருக்கும். பார் பிடித்துத் தோண்டிப் பார்க்கும் வேலையை எந்தக் கருவியும் மிச்சப்படுத்தாது.

ஐப்பசி மழை பெய்து மண் ஈரமான பின், ஒரே நாளில், ஒரே ஈரத்தில் இரு காடுகளிலும் பதிவு செய்தால்தான் ஒப்பிட முடியும். நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பயிலும் நாட்களில் இதைச் செய்யலாமே. காட்டைத் திறந்துவிட இங்கே விவசாயிகள் கிடைப்பார்கள். சத்தமில்லாத காட்டுக்காரரின் பெயரை மட்டும் வெளியே சொல்லாதிருந்தால் சரி.