கடன் தீர்ந்தது, பத்திரம் எங்கே?

வீட்டுக்கடன் தருகிறோம், வாருங்கள் என்று அழைக்கும்போது நிறுவனத்தின் ஆட்கள் நம் வாசலுக்கே வந்து நிற்கிறார்கள். கையெழுத்து வாங்க ஞாயிற்றுக்கிழமையும் வருவார்கள். இரவு ஒன்பது மணிக்கும் தொலைபேசியில் குழைவார்கள். கடன் தொகை கை மாறி, வீட்டின் மூலப்பத்திரம் அவர்களது பெட்டகத்துக்குள் போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து அந்த ஆட்களில் ஒருவரைக்கூடப் பார்க்க முடிவதில்லை. அவர்களுக்குப் பதிலாக நம் கையில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். அடித்தால் இயந்திரம் பேசும். தமிழுக்கு ஓர் எண், வீட்டுக்கடனுக்கு ஓர் எண் என்று அழுத்தி அழுத்தி, பாட்டுக் கேட்டுக் காத்திருந்தால் கடைசியில் ஒரு மனிதக் குரல் வரும். அந்தக் குரலுக்கு உரியவருக்கு நம் கணக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெயரிலிருந்தும் பிறந்த தேதியிலிருந்தும் மறுபடி தொடங்க வேண்டும். 'உங்கள் புகார் பதிவாகி விட்டது, ஏழு வேலை நாட்களில் தீர்வு கிடைக்கும்' என்பார். ஏழாவது நாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். எதைத் தீர்த்தார்கள் என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்!

கிளைக்கு நேரில் போனால், 'இதெல்லாம் தலைமை அலுவலகத்தில்தான்' என்கிறார்கள். தலைமை அலுவலகத்துக்கு எழுதினால், 'உங்கள் கிளையை அணுகவும்' என்று பதில் வருகிறது. வீட்டுக்கடன் வாங்கிய யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்வார்.

இதைச் சில்லறை எரிச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. கைப்பேசி நிறுவனம் ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் அடுத்த நிறுவனத்துக்கு மாறிக் கொள்ளலாம். வீட்டுக்கடன் அப்படியல்ல. வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. மாறும் வட்டியில் கடன் வாங்கிய தனிநபர் அதை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அதற்குத் தனிக்கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லி விட்டது. ஆனால் மாறிப் போவதற்கே, பாக்கி எவ்வளவு, எங்களிடம் உள்ள ஆவணங்கள் எவை என்று பழைய நிறுவனம் எழுதித் தரவேண்டும். யாரிடமிருந்து தப்பிக்க நினைக்கிறோமோ அவரிடமே போய்க் கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சும் நிலைமை!

வட்டி விஷயத்தில் பதில் சொல்ல ஆளில்லாமல் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரூ. 30 லட்சம் கடன், 20 வருடம், 7 சதவீத வட்டி. மாதத் தவணை ரூ. 23,259. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியபின் அசல் பாக்கி சுமார் ரூ. 29 லட்சத்து 28 ஆயிரம். இப்போது வட்டி இரண்டரை சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக் கொள்வோம். கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதம் ஆனது. அசலுக்கு 9.5 சதவீதம் போட்டால் அந்த மாத வட்டி மட்டும் ரூ. 23,185. கட்டுகிற 23,259-இல் அசலுக்குப் போவது 74 ரூபாய்! வட்டி அப்படியே நின்று, தவணையையும் கூட்டாமல் விட்டால், 19 வருடத்தில் முடிய வேண்டிய கடன் 60 வருடத்தையும் தாண்டும். அந்த மனிதருக்கு வங்கியிலிருந்து என்ன தகவல் வந்தது? பலருக்கு ஒன்றும் வரவில்லை. தவணைத் தொகை மாறவில்லை, ஆகவே எதுவும் மாறவில்லை என்று அவர் நிம்மதியாக இருந்தார். பல வருடம் கழித்து எத்தனை தவணை பாக்கி என்று கேட்டபோதுதான் தலை சுற்றியது.

இந்த மௌனத்தைக் கண்டபிறகுதான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யவா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். கட்டுகிற தவணை வட்டிக்கே போதாமல் கடன் மேலும் வளரும் அளவுக்குக் காலத்தை நீட்டக் கூடாது. இதுவரை வசூலான அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எளிய அறிக்கையாகத் தரவேண்டும். கேட்டுக் கொடுப்பதல்ல, கேட்காமலே தரவேண்டியது. இதைப் படிக்கும் வீட்டுக்கடன்காரர்களில் அந்த அறிக்கையைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 2025 பிப்ரவரி முதல் ரெப்போ வட்டி படிப்படியாகக் குறைக்கப்பட்டு அந்த டிசம்பரில் 5.25-க்கு வந்தது. ஏறும்போது ஓடோடி வந்த வட்டி இறங்கும்போது நம் கணக்கில் எவ்வளவு இறங்கியது என்பதைக் காட்டுவதும் அந்த அறிக்கைதான்.

இங்கே இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டன. வங்கியல்லாத வீட்டுவசதி நிதி நிறுவனங்களை அந்த விதி கட்டுப்படுத்தவில்லை. அவை தாங்களே ஒரு அடிப்படை வட்டியை வகுத்துக் கொள்கின்றன. புதிதாக வருபவருக்குக் குறைந்த வட்டி, பத்து வருடமாகக் கட்டுபவருக்குக் கூடுதல் வட்டி! அந்தக் குறைந்த வட்டி தனக்கும் வேண்டுமென்றால் பழைய வாடிக்கையாளர் 'மாற்றுக் கட்டணம்' கட்டவேண்டும். அப்படி ஒரு வழி இருப்பதையும் அவராகக் கேட்டால்தான் சொல்வார்கள். விசுவாசத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் இது.

சரி, எல்லாவற்றையும் பொறுத்துக் கடைசித் தவணையும் கட்டியாயிற்று. பத்திரம் கைக்கு வந்து விடுகிறதா? பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் முறை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 58-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய் போன்ற வணிக நகரங்களுக்காக ஏற்பட்ட வசதி. ஒப்படைத்தவருக்கும் வாங்கியவருக்கும் நேர்முகப் பழக்கம் இருந்தது. இன்றோ நாம் ஊரில் கொடுத்த பத்திரம் எந்த நகரத்தின் எந்தக் கிடங்கில் கிடக்கிறது என்பது நமக்குத் தெரியாது; பல சமயம் கொடுத்த கிளைக்கும் தெரியாது. நிறுவனங்களும் நிலையாக இருப்பதில்லை. திவான் வீட்டுவசதி நிறுவனத்தின் நிர்வாகக் குழுவை ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் கலைத்தது. 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் பிரமல் குழுமத்தின் கைக்குப் போனது. கடன் கொடுத்தவர் விழுந்தாலும் கடன் விழுவதில்லை, பத்திரக் கட்டுகள் மட்டும் கைமாறிப் பயணம் போகின்றன.

பத்திரம் வந்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. நம் மாநிலத்தில் பத்திர ஒப்படைப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை நிறுவனத்தின் பிரதிநிதி வந்து கையெழுத்திட்டுப் பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் தீர்ந்ததாகத் தெரியும். அந்தப் பிரதிநிதிக்கு நேரம் கிடைக்க வேண்டுமே! மகளின் திருமணத்துக்காக வீட்டை விற்க நினைப்பவர் வாங்குபவரிடம் 'கடன் முடிந்து விட்டது, கையெழுத்துத்தான் பாக்கி' என்று சொன்னால் நம்புவார்களா?

இதற்கும் விதி வந்து விட்டது. 2023 செப்டம்பர் 13-இல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவுப்படி, கடன் முழுவதும் அடைக்கப்பட்ட 30 நாட்களுக்குள் எல்லா மூல ஆவணங்களையும் திருப்பித் தந்து, பதிவு செய்த பொறுப்பையும் நீக்கியாக வேண்டும். நிறுவனத்தின் காரணமாகத் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 5,000 இழப்பீடு. பத்திரம் தொலைந்தாலோ சேதமானாலோ நகல் வாங்க உதவுவதும், அதன் செலவும் அவர்கள் பொறுப்பு. அதற்காக இன்னும் 30 நாள் அவகாசம் மட்டுமே உண்டு. கடன் நடந்த கிளையிலோ, ஆவணம் இருக்கும் வேறு அலுவலகத்திலோ நம் விருப்பப்படி பெற்றுக் கொள்ளலாம். கடன் வாங்கியவர் இறந்து விட்டால் வாரிசுகளிடம் எப்படித் தருவது என்ற நடைமுறையை முன்கூட்டியே வகுத்துத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

நல்ல விதிதான். ஆனால் அந்த முப்பது நாளை எண்ணுவது யார்? பழைய கட்டணம் ஒன்று பாக்கி இருக்கிறது, கணக்கு இன்னும் முடியவில்லை என்று தொலைபேசியில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னால் கடிகாரம் நின்று விடுகிறது. நாம் எத்தனை முறை பேசினோம் என்பதற்கு நம்மிடம் சாட்சியம் இல்லை. அவர்கள் பதிவு செய்த ஒலிநாடாவோ அவர்களிடமே இருக்கிறது. எனவே கடைசித் தவணை கட்டிய அன்றே, கட்டிய விவரத்துடன் பத்திரத்தைக் கேட்டு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக் கொள்ளுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. நம்மவர்கள்தான் எதையும் வாய்ப்பேச்சில் முடித்துக் கொள்வதில் முதலிடத்தில் இருக்கிறோம்.

'வட்டிக்கு வாங்கினால் அனுபவிக்க வேண்டியதுதான்' என்று சிலர் சொல்லக் கூடும். வட்டி கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்காக, வாங்கியதையும் வட்டியையும் கடைசிக் காசு வரை கட்டி முடித்தவனின் பத்திரத்தைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. அநீதியில் ஹலால் ஏது?

வளைகுடாவில் உழைத்து ஊரில் வீடு கட்டுபவர்களின் பாடு தனிப் பாடு. 1800-இல் தொடங்கும் இலவச எண்கள் பெரும்பாலும் அங்கிருந்து கிடைப்பதில்லை. இங்கே மனைவி கிளைக்குப் போனால், 'கடன் அவர் பெயரில், அவரையே பேசச் சொல்லுங்கள்' என்கிறார்கள். அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலும் அதன் வாசகம் போதாது என்று திருப்புகிறார்கள். தவணை ஒரு நாள் தவறினால் மட்டும் அதே மனைவியிடம் அவர் பெயரைச் சொல்லிப் பேசத் தெரிகிறது!

எல்லாவற்றையும் விட ஆபத்தானது ஒன்றுண்டு. கட்டிய தவணை வேறு கணக்கில் வரவாகி விட்டது, அல்லது வங்கி மாறியதால் தானியங்கிப் பிடித்தம் நின்று விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதைச் சரி செய்யச் சொல்லி நாம் தொலைபேசியில் மன்றாடிக் கொண்டிருக்க, 90 நாள் கடந்ததும் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அடுத்து, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். நீதிமன்றம் போகாமலே வீட்டைக் கையகப்படுத்த வழி செய்யும் சட்டம் அது. நோட்டீஸைக் கண்டு பதறி நம் மக்கள் மறுபடி அதே வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குத்தான் அடிக்கிறார்கள். அங்கே புலம்புவதால் பயனில்லை. நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். 15 நாட்களுக்குள் காரணத்துடன் பதில் தரும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. அதையும் மீறிக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்தால் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. அங்கே முறையிடுவதற்கே கேட்கும் தொகையில் முக்கால் பங்கைக் கட்ட வேண்டும் என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் தூக்கி எறிந்து விட்டது.

அமெரிக்காவில் 2008-க்குப் பிறகு லட்சக்கணக்கான வீடுகள் ஏலம் போனபோது இதே புலம்பல்தான் அங்கும் எழுந்தது. அனுப்பிய ஆவணத்தையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு கையால் சலுகை மனுவைப் பரிசீலித்துக் கொண்டே மறு கையால் வீட்டை ஏலம் விட்டார்கள். 49 மாநில அரசுகளும் மத்திய அரசும் சேர்ந்து ஐந்து பெரிய நிறுவனங்களிடம் 2012-இல் 2,500 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் பெற்றன. அதில் நம் கவனத்துக்குரிய நிபந்தனை ஒன்று: தவணையில் தடுமாறும் கடன்காரருக்கு அவரது கணக்கின் வரலாறு தெரிந்த ஒரே தொடர்பாளர் இருக்க வேண்டும். இயந்திரக் குரலுக்கு மாற்று இதுதான். இங்கும் ஒவ்வொரு வீட்டுக்கடன் கணக்குக்கும் பெயருள்ள, கையெழுத்திடும் அதிகாரமுள்ள ஓர் அலுவலரை நியமிக்கும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.

முறையீட்டுக் கதவுகளையும் ஒன்றாக்க வேண்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வீட்டுவசதி நிதி நிறுவனங்களை 2021-ஆம் ஆண்டின் குறைதீர்ப்புத் திட்டத்தில் சேர்க்கவில்லை. அவற்றின் மீதான புகாருக்குத் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போகச் சொன்னார்கள். பெயர்ப் பலகையில் 'நிதி', 'வங்கி' என்று எதையாவது போட்டிருந்தால் அது எந்த வகை என்று கடன் வாங்கிய கொத்தனாருக்கும் கடைக்காரருக்கும் எப்படித் தெரியும்? மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் வழக்கறிஞர் இல்லாமலே போகலாம் என்றாலும் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தொலைபேசியில் காத்திருந்தே அந்த இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

அந்த ஐயாயிரம் ரூபாயையும் கேட்டுப் பெறும்படி விடக்கூடாது. நாம் தவணையை ஒரு நாள் தாமதித்தால் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் அபராதத்தை ஏற்றி விடுகிறது. பத்திரம் தர 31-ஆவது நாள் ஆனால் அதே கம்ப்யூட்டர் நம் கணக்கில் ஐயாயிரத்தை வரவு வைக்கட்டும்.